பெண் குரல் மூன்று

அந்த லாண்டரியின் பலகையில் ஒரு பெயர் எழுதியிருக்கிறது. அதை யாரும் படித்ததில்லை. "மைக் அக்கா கடை" என்றால்தான் தெருவுக்குத் தெரியும். கடைக்காரியின் தொண்டை அப்படி. முன்னால் கல்லாவில் உட்கார்ந்து அவள் ஒரு சத்தம் போட்டால், நடுவில் ஓடுகிற இரண்டு மெஷின்களின் இரைச்சலையும் தாண்டி, பின்னறையில் நீராவி இஸ்திரிப் பெட்டியோடு நிற்கும் அவள் வீட்டுக்காரர் காதில் போய் விழும். மைக் என்று பெயர் வைத்தவன் அவளுடைய தம்பிதான். அவன் வைத்தான், தெரு பிடித்துக்கொண்டது.

நாள் முழுக்க அவள் கத்தியதில் பாதி ஒரே கேள்விதான்.

"பாக்கெட் பாத்தாச்சா?"

அந்தத் தொழிலில் முதல் சட்டம் அது. துணி மெஷினுக்குள் போகும் முன் பை ஒவ்வொன்றையும் துழாவ வேண்டும். சாவியோ, மாத்திரையோ, யாரோ யாருக்கோ எழுதிக் கொடுக்காமலே வைத்திருந்த கடிதமோ, எது கிடைத்தாலும் ஒரு சின்ன உறையில் போட்டு, துணிக்கு என்ன நம்பர் சீட்டோ அதே நம்பரைக் குத்தி, துணியோடு சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒருமுறை ஒரு கோட்டில் காகிதத்தில் மடித்த குழந்தைப் பல் ஒன்று இருந்தது. வீட்டுக்காரர் குப்பை என்று நினைத்து எறியப் போனார். அன்றைக்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதைத் தெருவே நின்று கேட்டது. "துணியைத் துவைக்கத்தான் குடுத்தாங்க. உள்ள இருக்கறதையும் நமக்கா குடுத்தாங்க?" என்று அவள் கேட்டதும் அவர் பல்லை உறையில் போட்டு நம்பர் குத்தினார். வாயைத் திறக்காத மனிதர் அவர். கேட்டால், "ரெண்டு பேருக்குமா சேர்த்து அவதான் பேசறாளே" என்பார். அவள் கத்தாவிட்டால் பெட்டி சரியாகச் சூடேற மாட்டேனென்கிறது என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லியிருக்கிறார். அவர் வாழ்நாளில் அடித்த ஜோக் அது ஒன்றுதான்.

அப்பேர்ப்பட்ட தொண்டையில்தான் வந்தது நோய். முதலில் கரகரப்பு. கத்திக் கத்தி வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் வெந்நீர் குடித்துக்கொண்டு கத்தினாள். பிறகு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, குரல்வளையை எடுத்துவிட வேண்டும், எடுக்காவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார். அவள் அவரோடு சண்டைக்குப் போனாள். கடையில் பேரம் பேசுகிறவளிடம் அவ்வளவு சொன்னால் போதுமா? பாதி எடுங்கள், கால் எடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகையும் நாலு பேருக்குக் கேட்டது.

தம்பி கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். செய்தி கேட்டு ஓடிவந்தவன், அழுதுகொண்டு உட்காரவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். அவனுக்கு அக்கா என்றால் உயிர். சிறுவயதில் அவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டு வந்ததும், அடித்தவனைத் தேடிப்போய் அடித்ததும் அவள்தான். "ஆபரேஷனுக்கு முன்னாடி உன் குரலை எடுத்து வச்சுக்கலாம்கா. அப்புறம் நீ டைப் பண்ணா, உன் குரல்லயே பேசற மாதிரி நான் ஒண்ணு செஞ்சு தரேன்" என்றான்.

எதிரொலி இல்லாத இடம் வேண்டும் என்றான். கடையிலேயே அப்படி ஓர் இடம் இருந்தது. பின்னறையில் கனமான கோட்டுகளும் கம்பளிகளும் வரிசையாகத் தொங்கும். அவற்றுக்கு நடுவே நாற்காலி போட்டு, அவளை உட்கார வைத்து, முகத்துக்கு நேரே மைக்கை வைத்தான். மைக்குக்கே மைக்கா என்று அவள் சிரித்தாள். மெஷின்களை நிறுத்திவிட்டு, வீட்டுக்காரர் வாசலில் காவல் நின்றார். பக்கம் பக்கமாகப் படிக்கச் சொன்னான் தம்பி. சொற்கள், எண்கள், முழு வாக்கியங்கள். வணக்கம், நன்றி, தயவுசெய்து காத்திருக்கவும், கட்டணம் செலுத்தவும், இப்படி அவள் ஜென்மத்தில் பேசியிராத மரியாதையெல்லாம் அதில் இருந்தது. "மன்னிக்கவும்" வந்தபோது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மன்ன்னிக்கவும்" என்று இழுத்து, வாலில் ஒரு சிரிப்பையும் ஒட்டிவிட்டாள்.

"ஒழுங்கா இன்னொரு தடவை சொல்லுக்கா."

"போடா. நான் என்னிக்குடா யார்கிட்ட மன்னிப்பு கேட்டேன்? கேட்டா இப்படித்தான் இருக்கும். அப்படியே விடு."

கடைசியில் அவளாகவே ஒன்றைச் சேர்க்கச் சொன்னாள். மூச்சை இழுத்துப் பிடித்து, "பாக்கெட் பாத்தாச்சா?" என்று ஒரு கத்தல். தம்பியின் திரையில் சத்தத்தை அளக்கிற கோடு சிவப்பில் போய் முட்டியது. வாசலில் நின்ற வீட்டுக்காரர் பழக்கத்தில், "பாத்தாச்சு" என்றார். அதுவும் பதிவாகிவிட்டது.

ஆபரேஷன் முடிந்தது. கழுத்தில் ஒரு துளை, அதை மறைக்க ஒரு துணி. வீடு திரும்பி, கடைக்கு வந்து, கல்லாவில் போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு அவள் முதன்முதலில் தட்டியது அந்தக் கேள்வியைத்தான். பின்னறையில் வீட்டுக்காரர் பெட்டியைச் சட்டை மேல் அப்படியே வைத்துவிட்டு நின்றுவிட்டார். சட்டை கருகிப்போனது. அன்றைக்கு அவள் அவரைத் திட்டவில்லை.

நல்ல காலம் என்று ஒன்று இருந்தால் அது அதற்குப் பிந்தைய மாதங்கள்தான். தம்பி ஒருநாள் கடைக்கு வந்து, துவைத்த துணி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னான்.

"அக்கா, இதை ஊருக்கே குடுத்துடலாம்னு இருக்கேன். உன்ன மாதிரி பேச முடியாம போனவங்க எத்தனை பேரு இருக்காங்க."

"தாராளமா குடுடா" என்றது போன். அவள் யோசிக்கக்கூட இல்லை. பிறகு தட்டினாள். "குடுக்கறதுன்னா எப்படி? விக்கப் போறியா?"

"இல்லக்கா. உன் கடை பாஷைலயே சொல்றேன், கேளு. விக்கிற புரோகிராம்லாம் வாடகைக் கோட்டு மாதிரி. போட்டுக்கலாம். பிரிச்சுத் தைக்கக் கூடாது, அடுத்தவனுக்குக் குடுக்கக் கூடாது. காசு நின்னா கழட்டி வாங்கிடுவான். சிலது போட்டுப் பாக்கறதுக்கு மட்டும் குடுப்பான். கொஞ்ச நாள் சும்மா, அப்புறம் காசு."

"சும்மா குடுக்கறது?"

"அதுல ரெண்டு தினுசு. ஒண்ணுல கோட்டோட சேர்த்து, அதைத் தைச்ச அளவையும், அதாவது புரோகிராம் எழுத்தையும் குடுத்துடுவோம். யாரு வேணா மாத்தித் தைச்சுக்கலாம், விக்கலாம். ஆனா வாங்கறவங்களுக்கு அந்த அளவையும், மாத்தினதையும் அவங்களும் குடுத்தாகணும். மறைச்சுப் பூட்ட முடியாது. இன்னொண்ணுல அந்தக் கட்டுப்பாடும் இல்ல. எடுத்துக்கோ, மாத்திக்கோ, பூட்டிக்கோ, வித்துக்கோ. என் பேரை மட்டும் உள்ள எங்கயாவது வச்சிரு. அவ்வளவுதான்."

"நீ எதைக் குடுக்கப் போறே?"

"ரெண்டாவது."

"பூட்டிக்கிட்டா?"

"பூட்டட்டுமேக்கா! கட்டுப்பாடு போட்டா பெரிய கம்பெனிக்காரன் தொடவே பயப்படுவான். அவன் தொட்டாத்தானே நாலு பேருக்குப் போய்ச் சேரும்."

சொன்னதில் பாதி நிஜம். சொல்லாத பாதியையும் நாம் சொல்லிவிடுவோம், யாருக்குப் பயம்? முதல் தினுசின் உரிமப் பத்திரம் பக்கம் பக்கமாக ஓடுகிறது. இரண்டாவது அரைப் பக்கம். அவனுக்கு முழுதாகப் படிக்கப் பொறுமையில்லை. அப்புறம், பெரிய கம்பெனிக்காரன் தொட்டால் அவன் பெயரையும் அல்லவா தொடுவான்? நல்ல வேலை ஒன்றுக்கு அவன் அலைந்துகொண்டிருந்த நேரம் அது. இறக்கிப் போட்டுப் பார்க்கிறவர்கள் காதில் ஏதாவது கேட்க வேண்டுமே என்று, மாதிரிக்காக அக்காவின் குரலையும் உள்ளேயே விட்டுவிட்டான். புரோகிராமும் குரலும் ஒரே பெட்டி. பெட்டிக்கு மேலே ஒரே உரிமம், அதில் ஒரே பெயர். அவனுடையது. கெட்ட எண்ணம் துளிகூடக் கிடையாது. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு நாமும் நிம்மதியாக இருக்கலாம்.

வேலை கிடைத்தது. பெரிய கம்பெனி. நேர்முகத்தில் அவனை உட்கார வைத்ததே அந்தப் புரோகிராம்தான். சேரும்போது போட்ட ஒப்பந்தத்தில், இனி அவன் வீட்டில் உட்கார்ந்து எழுதினாலும் அது கம்பெனிச் சொத்து, வெளியே கொடுப்பதென்றால் அனுமதி வாங்க வேண்டும் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டான். அதற்குப் பிறகு அந்த இலவசப் புரோகிராமை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் செய்தி கொண்டுவந்தது வக்கீலம்மா. கறுப்புக் கோட்டு துவைக்கக் கொடுக்கிற பழைய வாடிக்கை. ஒருநாள் உள்ளே வந்தவள், கோட்டைப் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, நேத்து எனக்குப் போன் பண்ணி இன்டர்நெட் இணைப்பை வெட்டிடுவேன்னு மிரட்டினது நீங்கதானே?"

கடைக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. வக்கீலம்மா தன் போனில் பதிந்திருந்ததைப் போட்டுக் காட்டினாள். "மன்ன்னிக்கவும். உங்கள் இணைப்பு இன்று துண்டிக்கப்படும்." இழுப்பும் இருந்தது, வாலில் சிரிப்பும் இருந்தது. பின்னறையிலிருந்து வீட்டுக்காரர் ஓடிவந்து, "கூப்பிட்டியா?" என்றார்.

தம்பிக்குச் சொன்னபோது அவன் குதித்தான். "அக்கா! உன் குரல் எங்கெல்லாம் போயிருக்கு பாரு! ஒரு கம்பெனி எடுத்துப் பெருசா பண்ணியிருக்காங்க. அவங்க வெப் பக்கத்துல போய்ப் பாத்தேன், அடியில என் பேரு கூட இருக்கு." பொய் சொல்வானேன், அவளுக்கும் கொஞ்ச நாள் பெருமையாகத்தான் இருந்தது. தூர தேசத்தில் கல்யாணமாகிப் போயிருந்த மகளுக்கு எழுதினாள். தொண்டையில்லாத எனக்கு ஊரெல்லாம் தொண்டை என்று.

அந்தப் பெருமை எத்தனை நாளைக்கு? அந்தக் குரல் ஊரில் யாரிடமும் ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை. கெடு முடிந்தது என்றது. இணைப்பு துண்டிக்கப்படும் என்றது. எல்லா அதிகாரிகளும் வேறு அழைப்பில் இருக்கிறார்கள் என்றது. கடைக்கு வந்தவர்கள் அவள் போன் பேச ஆரம்பித்ததும் முகம் சுளித்தார்கள். ஒருவர், "அம்மா தாயே, இங்கயும் நீயா?" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஒருவர் நேராகவே, "இந்தச் சனியன் குரலைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்குது, நிறுத்துங்க" என்றார். அது அவள் சொந்தக் குரல் என்று அவருக்குத் தெரியாது. அது தெரிந்த அவள் வீட்டுக்காரர் பின்னறையில் பெட்டியை ஓங்கி வைத்தார். அவ்வளவுதான் அவருக்கு வரும் கோபம்.

அந்தச் சமயம் பார்த்து அவள் போன் சோப்புத் தொட்டியில் விழுந்தது. புதிது வாங்கினாள். தம்பியின் புரோகிராம் அதில் திறக்கவில்லை. மிகவும் பழையது, இந்தப் போனுக்கு ஒத்துவராது என்று வந்தது. தம்பியைக் கேட்டாள். "அதைத் தொடணும்னா இங்க பர்மிஷன் கேக்கணும்கா. பாக்கறேன்" என்றான். பார்க்கிறேன், பார்க்கிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தான். அவளால் எத்தனை நாள் கையை ஆட்டிக்கொண்டு வியாபாரம் பண்ண முடியும்? போனில் தேடினாள். அந்தக் கம்பெனியின் பேசும் புரோகிராம் கண்ணில் பட்டது. மேலே கொட்டை எழுத்தில் "இலவசம்" என்று இருந்தது. இறக்கினாள். குரலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. பெண் குரல் ஒன்று, பெண் குரல் இரண்டு. மூன்றைத் தொட்டாள். அவளே பேசினாள்.

கோபம் வந்ததா, வயிறெரிந்ததா, இல்லை குரல் கிடைத்ததே என்று நிம்மதியாக இருந்ததா, அவளுக்கே தெரியவில்லை. மூன்றும்தான். வைத்துக்கொண்டாள்.

ஒரு மத்தியான நேரம். கடைத் தொலைபேசி அடித்தது. மகள். எடுத்த எடுப்பில் அழுகை. அங்கே ஏதோ சரியில்லை என்று கொஞ்ச நாளாகவே தாய்க்கு உறுத்திக்கொண்டிருந்தது. ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கி, அதன் வாயருகே தன் போனைப் பிடித்துக்கொண்டு, "சொல்லும்மா, அம்மா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று பேச வைத்தாள். மகள் எல்லாவற்றையும் சொன்னாள். புருஷன் அடித்ததையும் சொன்னாள். சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, நான் அங்க வந்துடவா?"

அவள் தட்டினாள். "இப்பவே கிளம்பி வாடி என் ராசாத்தி." பேசு என்பதைத் தொட்டாள்.

"மன்ன்னிக்கவும்" என்றது அவள் குரல், இழுத்து, வாலில் சிரிப்போடு. "உங்கள் இலவசக் காலம் முடிந்தது. தொடர்ந்து பேசக் கட்டணம் செலுத்தவும்."

மறுபடி தொட்டாள். மறுபடி அதுவே. மூன்றாம் தடவை தொட்டபோது அந்தப் பக்கம் வைத்துவிட்ட சத்தம் கேட்டது. மகளுக்குத் தெரியாதா அது மெஷின் என்று? தெரியும். தெரிந்தும், அந்த நேரத்தில் அம்மாவின் வாயிலிருந்து அந்தச் சிரிப்பைக் கேட்க அவளால் முடியவில்லை. போனில் எழுதி அனுப்பினாள் தாய். வா, வா, உடனே வா என்று. சாயங்காலம் பதில் வந்தது. "பரவாயில்லம்மா. பேசித் தீத்துக்கிட்டோம். கவலைப்படாதே." எதைப் பேசினார்கள், எது தீர்ந்தது? அவள் கேட்டுக் கேட்டு எழுதினாள். நல்லா இருக்கேன் என்பதற்கு மேல் ஒரு எழுத்து வரவில்லை.

"காசைக் கட்டிடலாம்மா" என்றார் வீட்டுக்காரர். அவராகப் பேச்செடுத்தது அபூர்வம். "உன் குரலைக் கேக்காம இருக்க முடியல எனக்கு."

அவள் துணியில் குத்துகிற நம்பர் சீட்டு ஒன்றைக் கிழித்து எழுதிக் காட்டினாள். 'என் தொண்டைக்கு நான் வாடகை கட்டணுமா?' அதற்குப் பிறகு அவள் பேச்செல்லாம் நம்பர் சீட்டில்தான்.

கோட்டு வாங்க வந்த வக்கீலம்மாவிடம் சீட்டு மேல் சீட்டாக எழுதி எல்லாவற்றையும் சொன்னாள். வக்கீலம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டாள்.

"நீங்க எங்கயாவது கையெழுத்துப் போட்டீங்களா? குரலைக் குடுக்கறேன்னு?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"புரோகிராம் உங்க தம்பியோடது. அவரு குடுத்தாரு. அந்த மாதிரி குடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது, போனது போனதுதான். குரல் உங்களோடது. அதைக் குடுக்க அவருக்கு உரிமையே கிடையாது. கேஸ் போடலாம், நிக்கும்." கோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணும்மா. அந்தக் கம்பெனி நேரா உங்க தம்பியைத்தான் கை காட்டும். இது எல்லாம் என்னுதுன்னு பேர் போட்டு வச்சது அவருதானே. அவரு தலைலதான் விடியும்."

கடைக்காரி சீட்டுகளைப் பொறுக்கி மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டாள்.

தம்பி வந்தான். மகள் விஷயம் தெரிந்ததும் அவனுக்கும் ரத்தம் கொதித்திருக்கிறது. அந்தக் கம்பெனிக்குக் காரசாரமாக எழுதியிருக்கிறான். என் அக்கா குரலை வைத்து என் அக்காவிடமே காசு கேட்கிறீர்களா, நீக்குங்கள் என்று. எழுதும் முன் அவனும் ஒரு வக்கீலைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர்கள் மிக மரியாதையாகப் பதில் போட்டார்கள். தங்கள் உரிமத்தை நம்பித்தான் எடுத்தோம், தங்கள் பெயரையும் சொன்னபடி வைத்திருக்கிறோம். பேசியவரின் சம்மதம் இல்லாமல் தாங்கள் வெளியிட்டிருந்தால், அதனால் எங்களுக்கு வரும் இழப்புக்குத் தாங்களே பொறுப்பு. சம்மதப் பத்திரத்தை அனுப்பி வையுங்கள். அதன் நகல் ஒன்று அவன் வேலை பார்க்கிற கம்பெனிக்கும் போயிருந்தது.

கல்லாவுக்கு அந்தப் பக்கம், வாடிக்கையாளர் நிற்கிற இடத்தில் அவன் நின்றான். வழக்கமாக உள்ளே வந்து மூட்டை மேல் உட்காருகிறவன். கையில் ஒரு தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, சும்மா ஒரு பார்மாலிட்டிதான். அன்னிக்கு நீ தாராளமா குடுன்னு சொன்னியே, அதையே எழுத்துல கேக்கறாங்க. தேதி மட்டும் அப்பத்திய தேதி."

அவள் தாளை வாங்கிப் படித்தாள். 'என் குரல் பதிவுகளை எவரும், எக்காலத்திலும், எப்பயனுக்கும், விற்பனை உட்பட.' கீழே கோடு போட்டு அவள் பெயர். இத்தனை வருஷத்தில் அவள் பெயர் இந்த விவகாரத்தில் அச்சானது அதுதான் முதல் தடவை.

பின்னறையிலிருந்து வீட்டுக்காரர் வந்து நின்றார். "மாப்ள, இது நல்லா இல்ல" என்றார்.

"எனக்குத் தெரியாதா மாமா? வேற வழி சொல்லுங்க. வேலை போயிடும். கேஸ் போட்டா வீடு போயிடும். கொழந்தைங்க இருக்கு." அவன் அழ ஆரம்பித்தான். "நான் என்ன திருடினேனா? எல்லாருக்கும் நல்லதுன்னுதானே குடுத்தேன். நீதானேக்கா குடுன்னு சொன்னே!"

அவள் ஒரு சீட்டைக் கிழித்தாள். எழுதி, திருப்பி, அவன் பக்கம் தள்ளினாள்.

'பாக்கெட் பாத்தியா?'

அவனும் அந்தக் கடையில் வளர்ந்தவன்தான். யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வாய் கோண, சின்னப் பிள்ளை மாதிரி நின்றான். அவளுக்கு அவனைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமும் வந்தது, அடித்தவனைத் தேடிப்போய் அடித்த அந்தப் பழைய வெறியும் வந்தது. இந்தத் தடவை அடித்தவனும் அவனே, அடிபடப் போகிறவனும் அவனே. அவள் எங்கே போய் யாரை அடிப்பாள்?

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். போட்ட கையோடு தாளை மடித்து, பாக்கெட் சாமான் போடுகிற சின்ன உறை ஒன்றில் போட்டு, சீட்டுக் குத்தி நீட்டினாள். கடைக்கு வருகிற எவருக்கும் கொடுப்பதுபோல.

"நான் பர்மிஷன் வாங்கி அந்தப் பழைய புரோகிராமைச் சரி பண்ணித் தரேன்கா. சத்தியமா. நீ காசு கட்ட வேண்டாம்" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம். இனி அந்தக் குரலை எனக்குப் போடாதே என்று எழுதிக் கொடுத்தாள். அவன் உறையை எடுத்துக்கொண்டு போனான். அவன் வேலை தப்பிப் பிழைத்தது. இப்போது அவன் வருவது குறைவு. வந்தாலும் கல்லாவுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறான். துணி கொடுத்தால் பைகளை அவனே வெளியே இழுத்துக் காட்டிவிட்டுக் கொடுக்கிறான். அதைப் பார்க்க அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

கடை நடக்கிறது. கல்லாவில் ஒரு மணி வைத்திருக்கிறாள். வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டுமென்றால் தட்டுகிறாள். மணி அடித்தால் அவர், "பாத்தாச்சு" என்கிறார்.

போன வாரம் கடைத் தொலைபேசி அடித்தது. அவள் ஒரு போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் வந்து எடுத்தார். ஹலோ சொன்னார், பிறகு பேசவில்லை. காதில் வைத்தபடி நின்றுகொண்டே இருந்தார். யாருங்க என்று அவள் கையால் கேட்டாள். அவர் பார்க்கவில்லை. மகளோ என்று பதறி, போர்வையைப் போட்டுவிட்டு அருகே போனாள். ரிசீவருக்கு வெளியே கசிந்த சத்தம் கேட்டது. வணக்கம், எங்கள் புதிய இணைப்புத் திட்டங்களைப் பற்றி அறிந்துகொள்ள என்று அவளுடைய குரல் அவரிடம் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தது. விளம்பரம். அவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். கண் சிவந்திருந்தது.

அவள் அவர் தோளைத் தொட்டாள். வைத்துவிடுங்கள் என்று சைகை காட்டினாள்.

"இரும்மா" என்றார். "இன்னொரு தடவை கேக்கணும்னா ஒன்பதை அமுக்கணுமாம்."

அமுக்கினார்.